கல்லூரிப் பெயர் போதாது, பிராஞ்சையும் ஆண்டையும் கேளுங்கள்

2018-ல் குவைத் ஒரு விதியை இறுக்கியது. பொறியாளர் என்ற பதவியில் இருக்கும் வெளிநாட்டவர் இகாமா எனும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால், குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தச் சங்கம் இந்தியப் பட்டங்களை என்.பி.ஏ. எனப்படும் தேசிய தர அங்கீகார வாரியத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் பட்டம்கூடக் கேள்விக்குள்ளானது. பெயர் பெற்ற கல்லூரியில் படித்திருந்தும் பட்டியலில் இல்லாததால் சிலர் தவித்தார்கள். இந்திய அரசு குவைத் அரசிடம் பேச வேண்டியதாயிற்று.

காரைக்குடிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அழகப்பச் செட்டியார் 1952-லேயே பொறியியல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. இங்கிருந்தும் தேவகோட்டை, சிவகங்கைப் பக்கமிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகள் ஏராளம். அன்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்களுக்கு மார்க்கா எனும் கடைப்பெயரின் நாணயமே போதுமானதாக இருந்தது. இன்று சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்.

பொறியியல் பட்டங்களுக்கு நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பொது அளவுகோல் வாஷிங்டன் ஒப்பந்தம். 1989-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் அமைப்புகள் அதைத் தொடங்கின. பிறகு சிங்கப்பூர், மலேசியா எனப் பல நாடுகள் சேர்ந்தன. இந்தியாவின் என்.பி.ஏ. 2014 ஜூன் 13-ல் நிரந்தர உறுப்பினர் ஆனது. ஒரு நாட்டின் அமைப்பு அங்கீகரித்த படிப்பை மற்ற நாடுகள் ஏறத்தாழச் சமமானதாக ஏற்கும்.

இதைக் கேட்டதும் இந்தியப் பொறியியல் பட்டம் எல்லாமே உலகெங்கும் செல்லும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தரும் அனுமதி என்பது கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. நாக் எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு தரும் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது. என்.பி.ஏ. அங்கீகாரமோ ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கிடைப்பது. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. அதிலும் இரண்டு அடுக்கு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரிய டயர்-1 அங்கீகாரம்தான் வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குள் வரும். டயர்-2 வராது. விளம்பரப் பலகையில் ‘என்.பி.ஏ. பெற்றது’ என்று மட்டும் எழுதிவிட்டு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம்.

டயர்-1 இருந்தாலும் வேலைக்கோ, தொழில் உரிமத்துக்கோ அது உத்தரவாதம் அல்ல. அஞ்சல் வழியில் பெற்ற பொறியியல் பட்டங்களுக்கோ இந்தியாவிலேயே சிக்கல். முறையான அனுமதியின்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் ஏற்க மறுத்தது.

என்ன செய்யலாம்? எந்த பிராஞ்ச், எந்த டயர், எந்த ஆண்டு வரை என்பதை என்.பி.ஏ. இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். படித்து முடித்தவர்கள், தங்கள் ஆண்டுக்குரிய பக்கத்தை அச்செடுத்து மார்க் ஷீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தெளிவில்லை என்றால் என்.பி.ஏ.வுக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். இல்லாத அங்கீகாரத்தைச் சொல்லிச் சேர்த்திருந்தால், அந்த விளம்பரத்தையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்தி, என்.பி.ஏ.வுக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது, கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

அட்டெஸ்டேஷனை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூர், ஓமானுக்கு வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை போதும். துபாய்க்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று பல கட்டம். இவையெல்லாம் சான்றிதழ் உண்மையானது என்று மட்டுமே சொல்லும், படிப்பின் தரத்தைச் சொல்லாது. ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்டிடம் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் பதியும் முன், ஒவ்வொரு பிராஞ்சுக்கும் நேரே டயரையும் காலாவதி ஆண்டையும் எழுதிவிட்டுப் பிறகு வரிசைப்படுத்துங்கள்.