மின்சாரக் கார் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கமலை இறைத்த கிணறுகளில் ஆயில் என்ஜின் வந்தது. பின்னர் ஆயில் என்ஜினின் இடத்தை மின் மோட்டார் பிடித்தது. எண்ணெய்ச் செலவு மிச்சமாகும் என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்ள எவரும் தயங்கவில்லை. இப்பொழுது காரிலும் அதே கேள்வி எழுந்துள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இறவைப் பருவத்தில் மோட்டார் நாள்தோறும் பல மணி நேரம் ஓடுகிறது. கார் நாளொன்றுக்கு எவ்வளவு ஓடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பின்னரே விலை பேசப் போக வேண்டும்.

கிலோமீட்டர் செலவு

சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுப்பதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனவும் கொள்வோம். கி.மீட்டருக்கு 5 ரூபாய் 55 காசு ஆகிறது. அதே அளவுள்ள மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்பொழுது ஏற்படும் இழப்பு போக, யூனிட்டுக்குச் சுமார் 7 கி.மீ. ஓடும். யூனிட் 8 ரூபாய் என்றால் கி.மீட்டருக்கு 1 ரூபாய் 15 காசுதான். என்ஜின் ஆயில் மாற்றும் செலவும் இல்லை. ஆகவே எல்லாம் சேர்த்து கி.மீட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் எனக் கொள்ளலாம்.

கூடுதல் முதலீடு

மின்சாரக் காரின் விலை அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட அதிகம். மின்சார வாகனங்களுக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதமே. எனினும் சிறிய பெட்ரோல் கார்களின் வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சொந்த உபயோகக் கார்களுக்கு மானியம் கிடையாது. எனவே விலை வேறுபாடு 3 லட்சம் ரூபாய் எனக் கொண்டு கணக்கிடுவோம். வாங்குவோர் விற்பனை நிலையத்தில் உண்மையான தொகையைக் கேட்டு, அதைப் போட்டுக் கொள்ள வேண்டும்.

கி.மீட்டருக்கு 5 ரூபாய் வீதம் இந்த 3 லட்சம் திரும்ப வர, கார் 60,000 கி.மீ. ஓடியாக வேண்டும்.

இரு உதாரணங்கள்

இராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு, மலையடிவாரத்து மாந்தோப்புக்குப் போய் வரும் விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர 20 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 300 நாட்களில் 6,000 கி.மீ. ஓடும். மிச்சம் 30,000 ரூபாய். கூடுதல் 3 லட்சத்தை 9 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால், முதலாண்டு வட்டியே ஏறக்குறைய அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். கைப்பணம் போட்டிருந்தாலும் முதல் திரும்பப் பத்தாண்டு ஆகும். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் உத்தரவாதம் தருகின்றன. எட்டாண்டில் இவர் ஓட்டியிருப்பது 48,000 கி.மீ. மட்டுமே. போட்ட பணம் வருமுன்பே உத்தரவாதம் முடிந்துவிடும். ஓடாமல் நிற்கும் பேட்டரிக்கும் வயதாகிறது என்பதை மறக்கலாகாது.

மாறாக, இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சிவகாசி சென்று திரும்பும் வியாபாரி, உள்ளூர் அலைச்சலையும் சேர்த்து நாளொன்றுக்கு 80 கி.மீ. ஓட்டுகிறார். ஆண்டுக்கு 24,000 கி.மீ.; மிச்சம் 1,20,000 ரூபாய். இரண்டரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். அவருக்கு மின்சாரக் கார் லாபமே.

கடன் வட்டியையும் சேர்த்து ஐந்தாண்டில் முதல் திரும்ப வேண்டுமானால், நாளொன்றுக்குச் சுமார் 50 கி.மீ. ஓட வேண்டும். இதை அளவுகோலாகக் கொள்ளலாம்.

தோட்டத்து இணைப்பு கூடாது

பம்புசெட்டுக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே, அதிலேயே சார்ஜ் ஏற்றினால் என்ன என்று சிலர் நினைக்கக்கூடும். இது தவறு. அந்த இணைப்பு பாசனத்திற்காக மட்டுமே வழங்கப்பட்டது. வேறு காரியத்திற்குப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்க இடமுண்டு.

வீட்டு இணைப்பிலும் கவனம் தேவை. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடுகிறது. மேற்கூறிய மாந்தோப்பு விவசாயியின் காருக்கு இரு மாதத்தில் 140 யூனிட் அளவே ஆகும். வியாபாரிக்கோ 570 யூனிட் வரை தேவைப்படும். அவருக்கு யூனிட் 12 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் மிச்சமாகும். சார்ஜ் ஏற்ற 15 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த் இணைப்பும் அவசியம். காரை நிழலில் நிறுத்துவது பேட்டரிக்கு நல்லது.

கடன் வாங்குமுன்

மாமரம் ஓராண்டு நன்கு காய்த்தால் மறு ஆண்டு குறைவாகக் காய்ப்பது இயல்பு. பஞ்சவர்ணமோ சப்பட்டையோ, காய்ப்பு குறைந்த ஆண்டிலும் மாதத் தவணை நிற்காது. நல்ல மகசூல் ஆண்டின் வருமானத்தை நம்பித் தவணை பேசுவது ஆபத்து. பயிர்க்கடனைக் காருக்குத் திருப்புவது அதைவிட ஆபத்து. உரமும் மருந்தும் உரிய காலத்தில் இடப் பணமில்லாமற்போனால், இழப்பு பெட்ரோல் மிச்சத்தைப் போலப் பன்மடங்காகிவிடும்.

தோப்புக்குப் போய் வருவதுதான் தேவை என்றால் மின்சார ஸ்கூட்டர் போதும். அது யூனிட்டுக்கு 30 கி.மீ. ஓடுவதாகவும், பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுப்பதாகவும் கொண்டால், அதே 6,000 கி.மீட்டரில் ஆண்டுக்கு 11,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். விலை 30,000 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் மூன்றாண்டுக்குள் முதல் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளுக்குப் பாலும், சந்தைக்குத் தேங்காயும் மாங்காயும் ஏற்றுவோர், சிலர் சேர்ந்து மின்சார லோடு ஆட்டோ ஒன்றை வாங்கலாம். பலருடைய சுமை சேரும்பொழுது வண்டி நாள் முழுவதும் ஓடும், ஓடினால்தான் லாபம்.

செய்ய வேண்டியது

கார் வாங்க விரும்புவோர், இப்பொழுது வைத்திருக்கும் வண்டியின் மீட்டரை மாதத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிய கிலோமீட்டரை 12-ஆல் பெருக்கினால் ஓராண்டு ஓட்டம் கிடைக்கும். அதை 5 ரூபாயால் பெருக்கினால் ஆண்டு மிச்சம் தெரியும். கூடுதல் விலையை அந்த மிச்சத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது விளங்கும். விடை ஐந்துக்குள் வந்தால் வாங்கலாம். எட்டைத் தாண்டினால் அந்தப் பணத்தைச் சொட்டு நீர்ப் பாசனத்திற்கோ, கிணற்றைச் சீர்ப்படுத்தவோ செலவிடுவதே நன்று.