இரட்டையர் வழக்கு: சேதராப்பட்டு டீக்கடையில் தீராத சண்டை

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. முன்பு வயலும் தோப்புமாக இருந்த ஊர். இப்போது அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்று விட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் ரேடியோ பாடிக் கொண்டிருந்தது. 'கர்ணன்' படப் பாட்டு. பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் சொன்னார்: "இசை, எம்.எஸ்.விஸ்வநாதன்."

அவ்வளவுதான்! பெஞ்சில் இருந்த பெரியவர் கையிலிருந்த டம்ளரை 'ணங்' என்று வைத்தார்.

"பாதிப் பேரை முழுங்கிட்டான் பார்த்தீங்களா! ராமமூர்த்தி எங்கே போனார்?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவர் பெரியவருக்கு மைத்துனர் முறை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஆரம்பிச்சிட்டியா மச்சான்! விஸ்வநாதன் பேரைச் சொன்னா போதாதா? மெட்டுப் போட்டது அவர்தானே?" என்றார்.

இருவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அறுபது வருஷமாக இதே சண்டை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. சொத்துத் தகராறு கிடையாது. இது ஒன்றுதான் தகராறு!

டீ குடிக்க வந்த வெல்டிங் வேலைத் தம்பி ஒருவர் கேட்டார்: "ராமமூர்த்தியா? அது யாரு தாத்தா?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் தணிந்து, முகத்தில் வருத்தம் வந்தது.

பிடிலும் ஆர்மோனியமும்

டி.கே.ராமமூர்த்தி திருச்சிக்காரர். 1922-ல் பிறந்தவர். பிடில் குடும்பம். தகப்பனார் பிடில், பாட்டனார் பிடில். பிள்ளைக்கும் பிடில்தான் பொம்மை.

எம்.எஸ்.விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார். பிறகு ஸ்டூடியோவில் எடுபிடி வேலை. டீ வாங்கி வந்து கொடுத்த பையன், ஆள் இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இருவரும் சந்தித்த இடம் சி.ஆர்.சுப்பராமனின் வாத்தியக் கோஷ்டி. சுப்பராமன் அந்நாளில் பெரிய இசை அமைப்பாளர். 1952-ல் இளம் வயதிலேயே மாண்டு போனார். 'தேவதாஸ்' உள்படச் சில படங்களின் வேலை பாதியில் நின்றது. அதை முடித்துக் கொடுத்தவர்கள் இந்த இருவர்.

அதே வருஷம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'பணம்' படத்தை டைரக்ட் செய்தார். அதில்தான் 'விஸ்வநாதன்-ராமமூர்த்தி' என்ற பெயர் முதலில் திரையில் வந்தது. வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் பெயரில் இளையவர் முன்னே, மூத்தவர் பின்னே. "தம்பியைத் தாங்கிப் பிடிக்க அண்ணன் பின்னால் இருக்கட்டும்" என்ற பொருளில் கலைவாணர் அப்படி வைத்தார் என்று சினிமா உலகில் சொல்வார்கள்.

'பணம்' வந்தபோது சேதராப்பட்டு பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் தேதிதான் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. ஆட்சி எதுவானால் என்ன? பாட்டுக்குச் சுங்கச்சாவடி ஏது!

அந்தப் பதின்மூன்று வருஷம்

1952 முதல் 1965 வரை பதின்மூன்று வருஷம். தமிழ்நாட்டில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி பாடியது பெரும்பாலும் இவர்கள் பாட்டைத்தான்.

அதற்கு முன் சினிமாப் பாட்டு கிட்டத்தட்டப் பாதிக் கச்சேரியாக இருக்கும். ஆலாபனை நீளும். சொல் ராகத்துக்குள் மறைந்து போகும். இவர்கள் சொல்லை முன்னே கொண்டு வந்தார்கள். கண்ணதாசன் எழுதினால் ஒவ்வொரு வார்த்தையும் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் விளங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் முழுப் பாட்டையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். மெல்லிசை என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. 1963-ல் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் கிடைத்தது.

'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961 ஒரே வருஷத்துப் படங்கள். 1964-ல் 'கர்ணன்'. அதில் முழுக்க ராகங்கள். அதே வருஷம் 'காதலிக்க நேரமில்லை'. அதில் மேல்நாட்டு மெட்டு, பாங்கோ மேளம். அதே வருஷம் 'புதிய பறவை'. கதாநாயகன் மன அமைதி தேடிக் கதறும் கட்டத்தில் ஒரு பட்டாளம் வயலின் ஒன்றாக அழும். இத்தனையும் ஒரே கோஷ்டியின் வேலை என்றால் வெளியூரான் நம்புவானா?

"அந்த வயலின் பட்டாளம் யார் கை?" என்று பெரியவர் கேட்டார். "பிடில் பிடிச்சவன் கைதானே!"

"மெட்டு இல்லாம பட்டாளம் என்ன செய்யும்? அணிவகுத்து நிக்குமா?" என்றார் மைத்துனர்.

ரசிகர்களின் பொதுவான கட்சி பிரிவினை இதுதான். மெட்டு விஸ்வநாதன், வாத்திய ஜோடனை ராமமூர்த்தி. ஆனால் இப்படி வெட்டிப் பிரிப்பது சரிதானா? ஒரே அறையில் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். தோசையில் அரிசி எது, உளுந்து எது என்று பிரித்துக் காட்டு என்றால் யாரால் முடியும்?

1965

'ஆயிரத்தில் ஒருவன்' 1965-ல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கடலில் கத்தி சுழற்றிய படம். பாட்டெல்லாம் வெற்றி. அந்தச் சூட்டிலேயே இரட்டையர் பிரிந்தனர்.

ஏன்? பணம் என்றார்கள் சிலர். பெயர் என்றார்கள் சிலர். நடுவில் நின்றவர்கள் மூட்டிவிட்டார்கள் என்றார்கள் சிலர். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அதை இங்கே கிளறுவதில் பயன் இல்லை.

அதே வருஷமே விஸ்வநாதன் தனிப்பெயருடன் 'கலங்கரை விளக்கம்' வந்தது. 1966-ல் 'அன்பே வா'. அப்புறம் நிற்கவே இல்லை. 'உயர்ந்த மனிதன்', 'சிவந்த மண்', 'உலகம் சுற்றும் வாலிபன்', 'அபூர்வ ராகங்கள்' என்று படம் படமாகக் குவிந்தது. 1979-ல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' ஒரு வாத்தியக் குழுவின் கதை. கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் அந்தக் குழுவில் இருப்பார்கள். ஐம்பது வயது மனிதர் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மெட்டுப் போட்டு ஆட வைத்தார்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டு அமைத்தவரும் அவரே. சேதராப்பட்டை ஒட்டிய தமிழ்நாட்டு எல்லைக்குள் பள்ளிப் பிள்ளைகள் காலையில் அதைப் பாடுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், புதுச்சேரிப் பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து வேறு. அது பாவேந்தர் பாரதிதாசன் எழுதியது.

அண்ணன் என்ன ஆனார்?

ராமமூர்த்தியும் சும்மா இருக்கவில்லை. 1966-ல் மட்டும் 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'மறக்க முடியுமா' என்று வரிசையாகச் செய்தார். 'மறக்க முடியுமா' படத்தில் பி.சுசீலா பாடிய காகித ஓடப் பாட்டு ஒன்று உண்டு. எழுதியவர் மு.கருணாநிதி. அநாதைப் பிள்ளைகளின் துயரத்தைச் சொல்லும் பாட்டு. அதைக் கேட்டுக் கண் கலங்காத தாய்மார்கள் குறைவு. அடுத்து 'நான்', 'மூன்றெழுத்து', 'நீலகிரி எக்ஸ்பிரஸ்'. 1969-ல் சிவாஜி நடித்த 'தங்கச் சுரங்கம்'. 1970-ல் 'சங்கமம்'.

அதன் பிறகு படங்கள் அருகிவிட்டன. தனியாக அவர் இசை அமைத்தவை மொத்தம் சுமார் இருபது படங்கள். விஸ்வநாதனுக்கோ பல நூறு.

மைத்துனர் இந்த இடத்தில்தான் எப்போதும் மேசையைத் தட்டுவார். "கணக்கைப் பாரு மச்சான்! நூறு எங்கே, இருபது எங்கே?"

"யார் படம் கொடுத்தா? எம்.ஜி.ஆர். படம் ஒண்ணு கொடுத்தாங்களா அவருக்கு?"

கேள்வி நியாயமானது. சினிமாவில் படம் கிடைப்பது பாட்டுத் திறமையை மட்டும் பொறுத்தது அன்று. பெரிய நடிகர் யாரைக் கேட்கிறார், தயாரிப்பாளர் யாரோடு பழகியவர், கவிஞர் யார் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று எத்தனையோ இருக்கிறது. விஸ்வநாதன் கலகலப்பானவர். பாடிக் காட்டுவார், ஆடிக் காட்டுவார். அவர் உட்கார்ந்த இடத்தில் கூட்டம் சேரும். ராமமூர்த்தி அதிகம் பேசாதவர். சந்தையில் கூவுகிறவன் கூடைதான் சீக்கிரம் காலியாகும்.

ஆனால் மைத்துனர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரிந்து பத்து வருஷத்துக்கு மேலும் விஸ்வநாதன் புதுப்புது மெட்டுகளைக் கொண்டு வந்தார். அதையெல்லாம் போய்விட்ட அண்ணன் கணக்கில் எழுத முடியாது. அதே சமயம், 'மறக்க முடியுமா' பாட்டைக் கேட்டவர் எவரும் ராமமூர்த்திக்கு மெட்டு வராது என்று சொல்லவும் முடியாது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, 1966-ஆம் வருஷத்துப் படங்களை மட்டும் எடுத்து, இவர் பாட்டு ஒன்று, அவர் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

சீமையிலும் இதே சண்டை

இங்கிலாந்தில் 'பீட்டில்ஸ்' என்று நான்கு பிள்ளைகள் உலகையே ஆட்டி வைத்தார்கள். 1970-ல் அவர்களும் பிரிந்தனர். அங்கே டீக்கடைக்குப் பதில் சாராயக்கடை. சண்டை அதேதான். ஜான் லெனன் பெரியவரா, பால் மெக்கார்ட்னி பெரியவரா? வேடிக்கை என்னவென்றால், பிரிந்த பிறகு தனிப் பாட்டால் முதலில் முதலிடம் பிடித்தவர் இந்த இருவரும் இல்லை. மூன்றாமவரான ஜார்ஜ் ஹாரிசன். நம் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். வாய் பேசாத பிள்ளை!

வடக்கே சங்கர்-ஜெய்கிஷன் கதை வேறு விதம். 1971-ல் ஜெய்கிஷன் இறந்துவிட்டார். ஆனாலும் சங்கர் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டுக் கொண்டார். தனியாக உட்கார்ந்து செய்த வேலைக்கும் கூட்டாளியின் பெயர்!

பெரியவர் இதைக் கேட்டதும் எழுந்தே விட்டார். "செத்தவர் பேரை அங்கே விடாமப் போட்டாங்க. இங்கே ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச பாட்டிலேயே ஒருத்தர் பேரை விட்டுட்டாங்க. இது அடுக்குமா?"

இதற்கு மைத்துனரிடம் பதில் இல்லை.

முப்பது வருஷம் கழித்து

1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' என்ற படம் வந்தது. சத்யராஜ் நடித்தது. இசை: விஸ்வநாதன்-ராமமூர்த்தி! சரியாக முப்பது வருஷம் கழித்து இரண்டு பெயரும் மறுபடி ஒன்றாக வந்தன. காலம் மாறியிருந்தது. இளையராஜா வந்து இருபது வருஷம் ஓடி, ஏ.ஆர்.ரகுமானும் வந்துவிட்டார். பழைய பரபரப்பு எழவில்லை. ஆனாலும் போஸ்டரில் அந்தப் பெயர்களைச் சேர்த்துப் பார்த்ததே போதும் என்று இருந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

2012 ஆகஸ்டில் தமிழ்நாடு முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். ஆளுக்கு 60 பொற்காசு, ஆளுக்கு ஒரு கார். அன்று அண்ணனுக்கு வயது 90, தம்பிக்கு 84. 2013 ஏப்ரல் 17-ல் ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலை 14-ல் விஸ்வநாதனும் போய்ச் சேர்ந்தார்.

டீ ஆறிப்போய் இருந்தது. வெல்டிங் தம்பி செல்போனை எடுத்தார். 'படகோட்டி' என்று தேடினார். 1964-ல் வந்த படம். இரட்டையர் இசை. போனில் வந்த முதல் பாட்டின் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"ஆமாம் தாத்தா, இதிலேயும் ராமமூர்த்தி பேரு இல்லை" என்றார் தம்பி.

"சொன்னேனா இல்லையா!"

"சரி, அவர் மட்டும் தனியா செஞ்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க, போடறேன்."

பெரியவர் யோசிக்கவே இல்லை. "நம்ம ஊருக்கு வர்ற படம் ஒண்ணு இருக்கு. 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி.' போடு."

1966-ல் வந்த படம் அது. ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் நடித்தது. கதை பெரும்பாலும் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரும் ஒரு பஸ்ஸிலேயே நடக்கும். டைரக்ட் செய்த திருமலை-மகாலிங்கமும் ஓர் இரட்டையர்தான். பிறகு இந்திக்காரர்கள் அதை 'பாம்பே டு கோவா' என்று எடுத்தார்கள். அதில் நடித்த உயரமான இளைஞர் அமிதாப் பச்சன்.

தம்பி போனைப் பெஞ்சின் நடுவில் வைத்தார். பாட்டு எழுந்தது. கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார்.

மைத்துனர் முதலில் முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்தார். சரணம் வந்ததும் அவருடைய விரல் தானாகப் பெஞ்சில் தாளம் போட்டது. பெரியவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"என்ன மச்சான், கை ஆடுது?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. யாரு இல்லேன்னா? ஆனா விஸ்வநாதன் இருந்திருந்தா இந்த இடத்திலே..."

"கடைக்காரரே! இன்னும் ரெண்டு டீ போடும்!" என்றார் பெரியவர்.