தறியில் பிறந்த யந்திரம்

காஞ்சிபுரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜப் பெருமாளையும் தரிசித்துவிட்டுப் பட்டுக் கடைக்குள் நுழைவது வழக்கம். அந்தப் பட்டு உண்டாகும் தறியை நிமிர்ந்து பார்ப்பவர்கள் சிலரே. பார்ப்பவர்களுக்கு, நெசவாளரின் தலைக்கு மேலே ஒரு பெட்டியும், அதில் துவாரமிட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்குவதும் புலனாகும். எந்த இழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்று அந்தத் துவாரங்களே கட்டளையிடுகின்றன. கரையில் அன்னமும் யாளியும் உருவாவது இவ்விதமே.

இந்த அட்டைக்குப் பெரியதொரு வம்சம் உண்டு. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், முன்னோர் செய்த முயற்சிகளை ஒன்றுசேர்த்து, 1804-ம் வருஷம் இதை அமைத்தவர் ழாக்கார். அதே அட்டையைக் கொண்டு கணக்குப் போடும் யந்திரமொன்றைச் செய்ய இங்கிலாந்தில் பாபேஜ் என்னும் கணித மேதை 1830-களில் திட்டமிட்டார். அவர் 1871-ல் காலமானபோது யந்திரம் காகிதத்திலேயே பெரும்பாலும் நின்றிருந்தது. அமெரிக்காவிலோ, 1880-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறக்குறைய 8 வருஷம் பிடித்தது. அந்த இலாகாவில் வேலை பார்த்த ஹாலரித் என்னும் இளைஞர், 1890-ம் வருஷத்துக் கணக்குக்குத் துவார அட்டை யந்திரத்தைக் கொண்டுவந்தார். 1896-ல் அவர் தொடங்கிய கம்பெனி 1911-ல் வேறு கம்பெனிகளுடன் இணைந்தது. 1924-ல் அதற்கு ஏற்பட்ட பெயர்தான் ஐ.பி.எம்.

பாபேஜுக்கு அறிவில் குறைவா? இல்லை. அவருடைய முதல் யந்திரத்துக்குச் சர்க்கார் பணமும் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அதை முடிக்குமுன்பே அதனினும் சிறந்த ஒன்றில் அவர் மனம் சென்றுவிட்டது. ஹாலரித்தோ, கணக்குக் குவியலின்முன் திகைத்து நின்ற குமாஸ்தாக்களின் தொல்லையைக் கண்கூடாகக் கண்டவர். யந்திரத்தை விற்றுவிட்டுப் போகாமல் வாடகைக்குக் கொடுத்தார். ஆகவே அது நன்றாக ஓடவேண்டிய கவலை அவரைச் சேர்ந்ததாயிற்று. நீடித்து நிற்கும் ஸ்தாபனங்களின் மூலவேர் இந்தக் கவலையே என்பது நமது கருத்து.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், நிலையான உத்தியோகத்தைத் துறந்து, 1911-ல் மோட்டார் தொழிலில் இறங்கினார். குறித்த வேளையில் பஸ் புறப்படவேண்டும், பிரயாணி வழியில் காத்துக் கிடக்கக் கூடாது என்பது அவருடைய விரதம். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது, கரிவாயுவால் வண்டி ஓட்டும் சாதனத்தை அவருடைய கம்பெனி தயாரித்தது. அவர் 1955-ல் மறைந்தார். அந்நிய நாட்டுக் கப்பலை எதிர்பார்த்திராமல் மோட்டார் உறுப்புகளை இங்கேயே செய்யும் ஆலைகளை அவருடைய சந்ததியார் 1960-களில் நிறுவினர். பட்டறையில் கண்ட குறையே ஆலைக்கு வித்தாயிற்று.

இதற்கு மாறான காட்சியும் காஞ்சிக்கு அருகிலேயே நிகழ்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் கைப்பேசி ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கி, ஆயிரக்கணக்கான யுவதிகளுக்கும் இளைஞர்களுக்கும் வேலை அளித்தது. 2014 நவம்பரில் அது நின்றது. வரித் தகராறு ஒரு காரணம். ஜனங்கள் விரும்பும் கைப்பேசி மாறிவிட்டதைக் கம்பெனி காலத்தில் உணராதது மற்றொரு காரணம். தீர்மானங்கள் எங்கோ தொலைவில் நடந்தன. வீடு திரும்பியவர்களோ நம் பிள்ளைகள்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று பூ வேலையின் படத்தைக் கணிப்பொறியில் வரைகிறார்கள். லியோனிலிருந்து புறப்பட்ட அட்டையின் சந்ததி தறிக்கே திரும்பிவிட்டது எனலாம். ஆயினும் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் இணைக்கும் கோர்வைக்கு இன்னும் இரண்டாவது ஆள் வேண்டியிருக்கிறது. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலை போகிறது. நெசவாளரின் மக்கள் தறியை விட்டு ஆலைக்குப் போகிறார்கள். இந்தத் தொல்லைகளைத் தன் தொல்லையாகக் கருதும் ஒருவர் காஞ்சியிலிருந்தே தோன்றுவாரானால், அவர் அமைக்கும் ஸ்தாபனம் தலைமுறைகள் தழைக்கும்.

நம் வீட்டுப் பிள்ளை கம்பெனி தொடங்கப்போவதாகச் சொல்லும்போது, லாபம் எவ்வளவு என்று கேட்கிறோம். யாருடைய கஷ்டம் தீரும் என்பதையும் கேட்போமாக. அதற்கு அவன் தெளிவாக விடை சொன்னால், பெற்றோர் தயங்காமல் ஆசி கூறி அனுப்பலாம்.