ஐ.பி. கொடுப்பதா, பேசி முடிப்பதா?



"அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்டா" என்று ஊரில் பேசக் கேட்டிருப்பீர்கள். அதோடு கடன் எல்லாம் தீர்ந்தது, பணம் கொடுத்தவன் பாடு திண்டாட்டம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

நாளைக்கு நம்மில் சிலராவது சொந்தமாக லேத் பட்டறை போடுவோம். ஆகவே ஒரு பட்டறைக்காரர் கணக்கையே பார்ப்போம் (கற்பனைதான், பயப்படாதீர்கள்!). மெஷினை அடமானமாக வைத்து பாங்கில் 4 லட்சம். புரோநோட்டில் கைக்கடன் 5 லட்சம். ஆர்டர் நின்றுபோச்சு. மெஷினை விற்றால் 3 லட்சம் தேறும். ஊரில் 1 லட்சம் பெறுமானமுள்ள மனை. அவ்வளவுதான்.

ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். சென்னையில் 1909-ஆம் வருடச் சட்டப்படி ஐகோர்ட்டிலும், மற்ற ஊர்களில் 1920-ஆம் வருட மாகாண இன்சால்வென்சி சட்டப்படி அந்தந்த ஊர்க் கோர்ட்டிலும் போட வேண்டும். 2016-இல் புதுச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. நம்ம பட்டறைக்காரருக்குப் பழைய சட்டம்தான்.

500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் (1920-இல் அது பெரிய பணமாச்சே!). திவால் என்று கோர்ட் அறிவித்ததும் சொத்து ரிசீவர் கைக்குப் போய்விடும். உடுதுணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி போன்றவற்றைத் தொட மாட்டார்கள். கோர்ட் அனுமதி இல்லாமல் புரோநோட்டுக்காரர்கள் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. இதுதான் ஐ.பி.யில் கிடைக்கும் நிம்மதி. ஆனால் பாங்கை இது தடுக்காது. அடமான மெஷினை அது எடுத்துக்கொள்ளும்; பாக்கி 1 லட்சத்துக்கு மற்றவர்களோடு வரிசையில் நிற்கும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். அடமானமில்லாக் கடன் 6 லட்சம், மனை 1 லட்சம். ரூபாய்க்கு 17 பைசாகூட வராது. எட்டணாவுக்குக் குறைந்தால், "என் தப்பால் வந்ததில்லை" என்று அவர் காட்டினாலொழிய, நிபந்தனையில்லாத விடுதலையைக் கோர்ட் தராது. விடுதலை கிடைக்கும்வரை புதிதாக வரும் சொத்தும் ரிசீவருக்கே. தாத்தா எழுதி வைத்த நிலமானாலும் சரி! மனையை முன்கூட்டியே மச்சான் பேருக்குச் சும்மா மாற்றிவிடலாமா? திவால் மனு போட்ட தேதிக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அப்படிச் செய்திருந்தால் கோர்ட் ரத்து செய்யலாம்.

அதே சட்டத்தில் 38-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஆட்கள் அதை அதிகம் கண்டுகொள்வதில்லை. திவால் அறிவித்த பிறகும், "ஃபிட்டர் வேலைக்குப் போய் மாதம் 5,000 வீதம் நாலு வருடம் கட்டுகிறேன்" என்று திட்டம் கொடுக்கலாம். அது 2.4 லட்சம். மனையோடு 3.4 லட்சம். ரூபாய்க்கு 56 பைசா! கூட்டத்துக்கு வந்தவர்களில் தலைக்கணக்கில் பாதிக்கு மேலும், தொகையில் முக்கால் பங்கும் சம்மதித்து, கோர்ட்டும் ஏற்றால் மறுத்தவரையும் அது கட்டுப்படுத்தும். அதாவது எல்லோரும் வந்தால் 4.5 லட்சத்துக்கு உரியவர்கள் 'சரி' சொல்லணும். 1 லட்சத்துப் பாங்கு மறுத்தாலும் பாதகமில்லை. 2 லட்சம் கொடுத்தவர் முரண்டு பிடித்தால் போச்சு.

கோர்ட் வேண்டாம் என்றால் லோக் அதாலத். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. ஆனால் சம்மதித்தவரை மட்டுமே கட்டும், மற்றவர் மறுநாளே வழக்குப் போடலாம். என் அபிப்பிராயம்: கடன் கொடுத்தவர் இரண்டு மூன்று பேர் என்றால் லோக் அதாலத், பத்துப் பேர் என்றால், சம்பாதிக்கத் தெம்பிருந்தால், 38-ஆம் பிரிவு, இரண்டுக்கும் வழியில்லாதவருக்கு மட்டும் வெறும் ஐ.பி.

இன்னொன்று. பாங்குக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாரே ஒரு சிநேகிதர்? கோர்ட் தரும் விடுதலை பட்டறைக்காரருக்கு மட்டும்தான், ஜாமீன்தாரருக்கு இல்லை. பாக்கி 1 லட்சத்துக்கு நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும்.