முயலுக்குக் கேரட் பலகாரம்... புல்தான் சோறு!

போன கோடையில் ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்துத் தென்னந்தோப்புக்குக் காண்டாமிருக வண்டுத் தாக்குதலைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது தோப்புக்காரரின் பேத்தி ஓடி வந்தாள். ''சார், எங்க முயலையும் பாருங்க. நேத்துலருந்து ஒண்ணுமே திங்க மாட்டேங்குது.''

கூண்டின் மூலையில் வெள்ளை முயல் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தது. நான் பயிர் பார்க்கிறவன், கால்நடை மருத்துவர் இல்லை. ஆனாலும் கூண்டுக்கு அடியில் பார்த்தேன். ஒரு புழுக்கைகூட இல்லை. ''என்னம்மா தீனி போடுறீங்க?'' என்றேன். கேரட், பிஸ்கட், ஆட்டுக்கு வாங்கிய மக்காச்சோளம் என்று பட்டியல் போட்டாள். திருவில்லிபுத்தூர் போய் வந்த மாமா பால்கோவாவும் ஊட்டியிருக்கிறார். உடனே மருத்துவரிடம் தூக்கிப் போகச் சொன்னேன். போனார்கள். ஆனால், காலம் கடந்துவிட்டது. மறுநாள் முயல் இறந்துவிட்டது.

பட்டினியால் சாகவில்லை, பாசத்தால் செத்தது. இத்தனைக்கும் அந்தத் தோப்பு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது.

புல் ஏன் அவசியம்?

முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் மென்றால்தான் பல் தேயும். தேயாவிட்டால் கன்னத்திலும் நாக்கிலும் குத்தும். தீனி எடுக்க முடியாது.

குடலும் அப்படித்தான். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். மாவும் இனிப்பும் கூடினால் நொதித்து வாயு கட்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வெளியேற வழியில்லாத வாயு உயிரை வாங்கிவிடும். 12 மணி நேரம் தீனி எடுக்காமலோ, புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக்கூடாது.

இரவிலும் அதிகாலையிலும் முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்னும். அருவருப்புப்பட்டு விரட்டாதீர்கள். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் திரும்பக் கிடைக்கின்றன.

2 கிலோ முயலுக்கு ஒரு நாள் தீனி

* புல்: அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கம்பு நேப்பியர் புல். தீனியில் முக்கால் பங்குக்கு மேல் இதுதான். முயலின் உடம்பு அளவுக்கு ஒரு கட்டு, எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும்.
* கீரை, தழை: கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை என மாற்றி மாற்றி ஒரு கைப்பிடி. முருங்கை, வேலிமசால், குதிரைமசால் ஆகியவற்றில் சுண்ணாம்புச்சத்து அதிகம். வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாகப் போதும்.
* குச்சித் தீவனம்: அதிகபட்சம் 50 கிராம்.
* கேரட், பழம்: வாரம் இருமுறை, விரல் கனத்துக்கு ஒரு துண்டு. நமக்குப் பலகாரம் மாதிரி.
* தண்ணீர்: 100 முதல் 200 மில்லி வரை குடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கூடும். அதனால் அளந்து வைக்காமல் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

நகரத்தில் முயல் வளர்ப்பவர்கள் 'டிமோத்தி' என்ற வெளிநாட்டு உலர்புல்லை விலை கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு வேண்டாம். பூக்கும் முன்னே புல்லை அறுத்து, நிழலில் பரப்பி, தினமும் புரட்டிவிடுங்கள். பச்சை நிறம் மாறாமல் மொறுமொறுப்பாகக் காய்ந்ததும் கட்டி வைத்தால் கோடைக்கு ஆகும். பூசணம் பிடித்ததை மட்டும் கூண்டுக்குள் விடாதீர்கள்.

போடக்கூடாதவை

சோறு, ரொட்டி, பிஸ்கட், பால் இனிப்புகள், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வேண்டாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் வேண்டாம், அதிலுள்ள காசிபால் நஞ்சு. இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டு. சூபாபுல் தழையால் முடி கொட்டும். எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு பக்கமே போக வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. பருத்திக்காட்டு வரப்பிலும் மாந்தோப்பிலும் மருந்து அடித்திருந்தால், களைக்கொல்லி தெளித்திருந்தால், அங்கே புல் அறுக்கவே கூடாது. பக்கத்துக் காட்டுக்காரர் எப்போது அடித்தார் என்று கேட்டுவிட்டு அரிவாளை எடுங்கள்.

இதுவரை தானியத்தில் வளர்ந்த முயலை ஒரே நாளில் புல்லுக்கு மாற்றாதீர்கள். தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து நாளில் மாற்றுங்கள்.

வாசகர் கேள்வி

'திருவில்லிபுத்தூர் மலையடிவாரக் காட்டில் முயல் குட்டி கிடைத்தது. வீட்டில் வளர்க்கலாமா?'

கூடாது. அது காட்டுமுயல். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். திருவில்லிபுத்தூர் மலைக்காடு 1988 முதல் சாம்பல் அணில் சரணாலயம். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. குட்டி அநாதையும் இல்லை. தாய் முயல் பகலில் குட்டியைப் புதரில் விட்டுவிட்டு, இருட்டிய பிறகு வந்து பால் கொடுக்கும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வளர்ப்பு முயல் வேறு இனம். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்க்கிறார்கள்.

அந்தத் தோப்பு வீட்டில் இப்போது மறுபடியும் இரண்டு முயல்கள் இருக்கின்றன. போன மாதம் போனபோது பேத்தி கையில் அருகம்புல் கட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும், ''சார், காலையிலயே கூண்டுக்கு அடியில பாத்துட்டேன். ரெண்டும் நல்லா புழுக்கை போட்டிருக்கு'' என்றாள்.