தினக்கூலிக்கும் பேறுகால உரிமை உண்டு



தாம்பரம், முடிச்சூர், வண்டலூர் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நாம தினக்கூலிதானே, பிரசவத்துக்கு யாரு சம்பளத்தோட லீவு குடுப்பாங்க?"

டெல்லி மாநகராட்சியும் ஒருகாலத்தில் இதையே சொன்னது. ரோடு போட்டு, பள்ளம் தோண்டிய தினக்கூலிப் பெண்கள் பேறுகால விடுப்பு கேட்டபோது, 'நிரந்தர ஊழியருக்குத்தான்' என்று மறுத்தது. சங்கம் மூலம் வழக்கு நடந்தது. தொழில் தீர்ப்பாயம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாநகராட்சி விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 மார்ச் 8, மகளிர் தினத்தன்று தீர்ப்பு வந்தது: 1961 பேறுகாலச் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும்!

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. இதிலும் முக்கிய விதி மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. எல்லா ஃபாக்டரிக்கும், 10 பேராவது வேலை செய்யும் கடை, நிறுவனங்களுக்கும் இது உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போன நாளை நிரூபிப்பதுதான் சிரமம். அதனால் வருகை அட்டை, கூலிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. வேலைக்குப் போன தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாங்க, சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.