உஷார்! வலிதான் நின்றிருக்கிறது, வைத்தியம் முடியவில்லை

ரூட் கேனால் ஆரம்பித்த பல்லில் வலி நின்றுவிட்டதா? ஆபத்தே இனிமேல்தான். முதல் சிட்டிங்கில் அழுகிய நரம்பை எடுத்ததுமே பெரும்பாலும் வலி அடங்கிவிடும். "அதான் சரியாப் போச்சே, இன்னொரு தடவை எதுக்கு?" என்று மணமேல்குடியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் மறுபடி பஸ் ஏறாமல் இருந்துவிடுகிறார்கள். பல்லை மூடியிருப்பது தற்காலிக சிமெண்ட்தான். சில வாரங்களில் அது ஓரம் விட்டுவிடும். அந்த இடுக்கு வழியே எச்சிலும் கிருமியும் வேர் நுனிவரை இறங்கும். உள்ளே நரம்பு இல்லாததால் பல் கூசாது. ஈறில் சீழ்க்கொப்புளம் கிளம்பும்போதுதான் விஷயம் தெரியும். வேரை அடைத்து முடித்த பிறகும் கடைவாய்ப் பல்லுக்கு கேப் அவசியம். கேப் இல்லாமல் கரும்பையோ முறுக்கையோ கடித்தால் பல் வேர்வரை பிளந்துவிடலாம். அப்புறம் பிடுங்க வேண்டியதுதான்.

ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். அதுவரை டீகூட வேண்டாம், உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வீர்கள். மெல்லும்போது இரண்டு மூன்று நாள் லேசாக வலிப்பது சகஜம். ஆனால் வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, வாய் திறக்க, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வீக்கம் மூச்சை அடைத்து உயிரையே பறிக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை அதை நிறுத்தாது. ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாற்காலியில் உட்காரும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மெலியாய்டோசிஸ் தொற்று மூளையைத் தாக்கி 8 பேர் இறந்துபோனார்கள். விசாரணை ஒரு சலைன் பாட்டிலில் வந்து நின்றது. சுத்திகரிக்காத கருவியால் திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் பயன்படுத்திய பாட்டில். கருவியை உங்கள் எதிரிலேயே கவர் பிரித்து எடுக்கிறார்களா, பாட்டில் புதிதா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

காசில்லாமல் பாதியில் விட்டவர்கள் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேட்கலாம். 2023 நவம்பரில் திறந்தது அது. பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் காட்டுங்கள். அவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.